மோடத்த மாத்தறதுக்கு முன்னாடி செவுத்துல ஓடற டெலிபோன் வயர பாருங்க: வயரிங் செக் பண்ண வந்தவர பத்தி என் ரிவ்யூ

மார்க்க மொதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு நாலு. அந்த ஒரு மார்க் ஏன் போச்சுன்னு கீழ வரும். எதுக்கு மார்க்னா, எங்க வீட்டு டெலிபோன் வயரிங்க செக் பண்ணி சரி பண்ணி குடுத்த ஒரு தனி டெக்னீஷியனோட சர்வீஸுக்கு. கூடவே அவர் மாட்டிட்டு போன மெயின் ஃபில்டர் (ஒரே லைன்ல வர பேச்சையும் நெட்டையும் தனித்தனியா பிரிக்கற பெட்டி), அதுக்கும் முன்னாடி நானா போய் காச கரியாக்கின வைஃபை பெட்டி, எல்லாத்தையும் சேத்தே எழுதிடறேன். கொஞ்சம் நீளமா போகும், டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நாங்க இருக்கறது இந்தியப் பெருங்கடல்ல இருக்கற பிரெஞ்சு தீவு ரீயூனியன்ல, கிழக்கு பக்கம் செயின்ட் ஆந்த்ரே, ஷாம்போர்ன் கடற்கரைக்கு போற ரோட்டு பக்கம். ஜென்னி புயல்ல 1962ல இடிஞ்ச பழைய சர்ச் இருக்கே, அது வரைக்கும் சாயங்காலம் நடந்து போய்ட்டு வருவோம். எனக்கு சொந்த ஊரு காரைக்கால். வீட்டுலேர்ந்தே கணக்கு வழக்கு பாக்கற வேல, அதனால நெட் நின்னா வேலையும் நின்னுடும்.

"இந்த காலத்துல இன்னும் டெலிபோன் லைன்ல நெட்டா, ஃபைபர் இல்லையா"ன்னு கேப்பீங்க. தெரு வரைக்கும் ஃபைபர் வந்தாச்சுங்க. ரோட்டுலேர்ந்து வீட்டுக்கு மண்ணுக்கடியில போற குழாய லிச்சி மரத்து வேர் நசுக்கி வச்சிருக்கு, ஃபைபர் போட வந்தவங்க ரெண்டு தரம் கம்பிய விட்டு பாத்துட்டு, போகலன்னு எழுதி குடுத்துட்டு போய்ட்டாங்க. தோண்டணும்னா வீட்டு ஓனர் சரின்னு சொல்லணும், அவர் இருக்கறது பாரிஸ் பக்கம், மரத்துக்கு எதுவும் ஆகக்கூடாதுங்கறார், ஆனா டிசம்பர் ஆனா பழம் பறிக்க மட்டும் மச்சான கரெக்டா அனுப்பிடுவார். சரி விடுங்க, அது தனி கத. அது முடியற வரைக்கும் நமக்கு செப்பு கம்பி தான், ஏடிஎஸ்எல் தான்.

அந்த ஏடிஎஸ்எல் எப்படி இருந்துச்சுன்னா, காரைக்கால்ல அம்மாவுக்கு வீடியோ கால் போட்டா அம்மா வாய தொறந்தபடி அப்படியே நிப்பாங்க, நான் இங்க "அம்மா கேக்குதா கேக்குதா"ன்னு கத்திட்டு இருப்பேன், அங்க ஒன்றர மணி நேரம் முன்னாடி ஓடறதால அவங்களுக்கு தூக்க நேரம் வேற, "நாளைக்கு பேசலாம்பா"ன்னு வச்சிடுவாங்க. ஸ்பீடு டெஸ்ட் போட்டா 4 மெகா, நல்ல நாள்ல 5. மழ பேஞ்சா பாக்ஸ்ல லைட்டு செவப்பாகி கட் ஆகி திரும்ப வரும் (மோடத்த இங்க எல்லாரும் பாக்ஸ்னு தான் சொல்லுவாங்க, நானும் அப்படியே எழுதறேன்). கிழக்கு பக்கத்துல மழ பேயாத நாள எண்ணிடலாம், புரிஞ்சிக்கோங்க. இந்த தீவுல மழங்கறது வெளையாட்டு இல்ல, 2007ல காமேட் புயலப்போ மல மேல கொமர்சோன் எரிமல வாய் பக்கம் மூணே நாள்ல 3,900 மில்லிமீட்டருக்கு மேல கொட்டின ஊரு இது.

ஸ்லோ முன்னாடிலேர்ந்தே இருந்துச்சு, 2025 பிப்ரவரி 28 கராங்ஸ் புயலுக்கு அப்புறம் ரொம்ப மோசமாச்சு. அதனால நான் என்ன நெனச்சேன்னா, வெளியில கம்பத்துல ஏதோ போச்சு, ஒட்டு போட்டவங்க அரகொறயா போட்டுட்டு போய்ட்டாங்கன்னு. கம்பெனிக்கு ஃபோன் போட்டேன். பாக்ஸ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பண்ணேன். மறுபடியும் ஃபோன். ரீசெட் பட்டன அழுத்துங்க. அழுத்தினேன், வைஃபை பாஸ்வேர்டு போச்சு, பொண்ணு ஒரு நாள் பூரா மூஞ்சிய தூக்கி வச்சிட்டு இருந்தா, ஸ்பீடு மட்டும் அதே 4 மெகா. மூணாவது தரம் ஒருத்தர் பொறுமையா பேசினார், "எங்க சைடுலேர்ந்து பாத்தா உங்க வீட்டு வரைக்கும் லைன் நல்லா தான் தெரியுது"ன்னார். அந்த ஒரு வரில விஷயம் மொத்தமும் இருந்துச்சு, நமக்கு தான் மண்டைல ஏறல. கைகழுவறான்னு நெனச்சு ஃபோன வச்சிட்டேன்.

அப்புறம் தான் அந்த முட்டாள்தனம். வைஃபை தான் பத்தலன்னு நானே முடிவு பண்ணி, ரூமுக்கு ரூம் வைக்கற மாதிரி மூணு வெள்ள பெட்டி சேந்த செட்டு ஒண்ண 129 யூரோவுக்கு வாங்கினேன். பெட்டில குத்தம் சொல்ல முடியாது, வீடு பூரா சிக்னல் அஞ்சு கோடு, வராங்க்ல உக்காந்தா கூட அஞ்சு கோடு (வராங்குன்னா இங்கத்து வீடுங்களுக்கு முன்னாடி இருக்கற திண்ண மாதிரி எடம்). ஆனா எல்லா ரூமுலயும் அதே 4 மெகா தான் அழகா வந்துச்சு. கெணத்துல தண்ணி இல்லன்னு பாக்காம வாளிய மாத்தின கத. அந்த செட்டு கெட்டது இல்ல, எனக்கு தேவப்பட்டது அது இல்ல, அவ்ளோ தான்.

இப்ப அந்த ஆள் கதைக்கு வரேன். மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன எலக்ட்ரிக் கடைல கல்லாப்பெட்டி மேல கையால எழுதின சீட்டு ஒட்டியிருந்துச்சு, டெலிபோன், நெட் வயரிங் பாக்கப்படும்னு. கடக்காரர கேட்டேன், நல்ல பையன், முன்னாடி டெலிபோன் லைன் போடற வேலைல இருந்தான்னார். ஃபோன் போட்டா, பாக்க வர 75 யூரோ, ஒன்றர மணி நேரம் வரைக்கும் அதுலயே அடங்கும், சாமான் தனின்னு தெளிவா சொல்லிட்டார். இந்த வாரம் முடியாது தீமிதி இருக்கு, அடுத்த வியாழன் காலைல 9 மணின்னார்.

வியாழன் 9 ஆச்சு, 10 ஆச்சு, ஆள் வந்தது 11:30. ஒரு மெசேஜ் கூட இல்ல. அர மார்க் அங்கயே காலி.

ஆள் இங்கத்து மலபார், அதாவது நாலஞ்சு தலமொறைக்கு முன்னாடி கரும்பு தோட்டத்துக்கு வந்த நம்ம சனம். தமிழ் வராது, பாட்டி சொல்லி குடுத்த நாலு வார்த்த தெரியும், சாமி பேரெல்லாம் தெரியும், கிரியோல்ல தான் பேச்சு (பிரெஞ்சுலேர்ந்து வந்த இங்கத்து பேச்சு மொழி). எனக்கும் இத்தன வருஷத்துல கிரியோல் அரகொற தான். தீமிதிச்சு ரெண்டு நாள் தான் ஆகியிருந்துச்சு, பாஞ்சாலிக்கு, அவங்க பாந்தியாலேம்பாங்க. காப்பி மட்டும் போதும்னார், வொய்ஃப் கேக் நீட்டினா "முட்ட இருக்குமே"ன்னு கைய எடுத்து கும்பிட்டார். எங்க வீட்டுல அந்த கும்பிடுக்கே நூத்துக்கு நூறு மார்க் போட்டுட்டாங்க.

வந்த உடனே அவர் பாக்ஸ் கிட்டயே போகல. டெலிபோன எடுத்து காதுல வச்சார், டயல் டோன் போக ஒரு நம்பர் அழுத்திட்டு அமைதியா கேட்டார், என் காதுலயும் வச்சார். கர கர கரன்னு, அப்பளம் பொரிக்கற மாதிரி சத்தம். எல்லாரும் வாட்ஸாப்ல பேசறதால லேண்ட்லைன நான் எடுத்தே வருஷம் ஆகியிருக்கும், எடுத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். காசு செலவில்லாத மொத டெஸ்ட் இது தான், உங்க வீட்டுல லேண்ட்லைன் இருந்தா இப்பவே எடுத்து கேளுங்க. பாக்ஸ் ஓடறப்போ இரைச்சல் கேட்டா ஃபில்டர் சரியில்ல, பாக்ஸ கழட்டின பின்னாடியும் கேட்டா வயர்ல தான் கோளாறு.

அடுத்து லேப்டாப்ல பாக்ஸோட செட்டிங்ஸ் பக்கத்துக்குள்ள போக சொன்னார். எல்லா பாக்ஸ்லயும் லைன் விவரம்னு ஒரு பக்கம் இருக்கும், நாம ஒரு தரம் கூட தொறந்திருக்க மாட்டோம். அதுல அவர் பாத்தது மூணு நம்பர். சிங்க் ஸ்பீடு 5.1 மெகா, அதாவது எக்ஸ்சேஞ்சுக்கும் நம்ம பாக்ஸுக்கும் நடுவுல பேசி ஒத்துக்கிட்ட வேகம், அதுக்கு மேல எந்த வைஃபையாலயும் குடுக்க முடியாது. அட்டென்யுவேஷன் 33 டெசிபெல், வர வழில சிக்னல் எவ்ளோ தேஞ்சுதுங்கற கணக்கு, கம்மியா இருந்தா நல்லது. நாய்ஸ் மார்ஜின் 5, இது எரைச்சலுக்கு மேல சிக்னல் எவ்ளோ தல தூக்கி நிக்குதுன்னு, 6க்கு கீழ போனா ஆட்டம் காண ஆரம்பிக்கும்னார். அப்புறம் எரர் கவுண்டர், அது நாங்க பாத்துட்டு இருக்கறப்பவே மீட்டர் மாதிரி ஓடிட்டு இருந்துச்சு.

அப்புறம் தான் அசல் டெஸ்ட். வெளியிலேர்ந்து வர லைன் வீட்டுக்குள்ள நுழையற எடத்துல கைக்கடக்கமா ஒரு வெள்ள பெட்டி இருக்கும், டிடிஐன்னு பேரு. எங்க வீட்டுல அது கரண்ட் மீட்டருக்கு பக்கத்துல, சூட்கேஸ் அடுக்கி வச்சிருக்கற மூலைல, நான் அத ஏதோ காலிங் பெல் பெட்டின்னு நெனச்சிட்டு இருந்தேன். மூடிய தொறந்தா உள்ள ஒரு டெஸ்ட் சாக்கெட், அதுல ஒயர சொருகினா வீட்டுக்குள்ள ஓடற வயரிங் மொத்தமும் அந்த நிமிஷத்துக்கு துண்டிச்சு போயிடும், வெளி லைன் மட்டும் நேரா பாக்ஸுக்கு வரும். பாக்ஸ தூக்கிட்டு போய் சூட்கேஸ் மேல வச்சு சொருகினார். லைட்டு சிமிட்டி சிமிட்டி நின்னுச்சு. பக்கத்த தொறந்தா 14.6 மெகா. அட்டென்யுவேஷன் 33லேர்ந்து 27க்கு எறங்கிடுச்சு. எரர் கவுண்டர் அசையல.

நான் பேசவே இல்ல கொஞ்ச நேரம். ரெண்டு வருஷமா கம்பெனிகாரன திட்டினது, புயல திட்டினது, 129 யூரோ, எல்லாம் கண்ணு முன்னாடி வந்துட்டு போச்சு. பத்து மெகாவ என் வீட்டு செவுரு தான் தின்னுட்டு இருந்திருக்கு.

27 டெசிபெல்ங்கறத அவர் கையால கணக்கு போட்டு காட்டினார், மெல்லிசு 0.4 மில்லிமீட்டர் செப்பு கம்பில கிலோமீட்டருக்கு சுமார் 15 டெசிபெல் தேயும், அப்ப எக்ஸ்சேஞ்ச் 1.8 கிலோமீட்டர், இந்த தூரத்துக்கு 14, 15 மெகா தான் நியாயமான வேகம், அதுக்கு மேல ஆசப்படாதீங்கன்னார். அதே செப்பு கம்பில இன்னும் வேகமா ஓடற விடிஎஸ்எல்னு ஒண்ணு இருக்கே, அதுக்கு மாறலாமான்னு கேட்டேன் (பிரான்ஸ்ல 2013 அக்டோபர்ல அத தொறந்து விட்டாங்க). ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கறவங்களுக்கு தான் அதுல லாபம், உங்களுக்கு காசு தண்டம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். விக்கறதுக்கு வாய்ப்பு இருந்தும் விக்காத ஆள், இதுக்காக தாமதமா வந்தத பாதி மன்னிச்சிட்டேன்.

டிடிஐக்கு வெளி பக்கம் ஆரஞ்ச்ங்கற டெலிபோன் கம்பெனியோட சொத்து, அதுல நாம கைய வைக்க கூடாது. உள் பக்கம் நம்ம பொறுப்பு, அதுல எவ்ளோ கோளாறு இருந்தாலும் கம்பெனி எட்டி பாக்காது. இப்ப உள் பக்கத்துல திருடன தேடணும். எங்க வீட்டுல பழைய பிரான்ஸ் டெலிகாம் காலத்து சாக்கெட் நாலு, அந்த டி எழுத்து மாதிரி ஓட்ட இருக்குமே, புதுச்சேரில பிரெஞ்சு சர்வீஸ்காரங்க ஊருக்கு வரப்போ கொண்டு வர டெலிபோன்ல தொங்குமே, அந்த பிளக்கு. நாலும் ஒண்ணுலேர்ந்து ஒண்ணுன்னு சங்கிலி மாதிரி ஓடுது.

ஹால்ல இருந்தத கழட்டினார். உள்ள கடல அளவுக்கு ஒரு கண்டென்சர் உக்காந்திருந்துச்சு. அந்த காலத்துல எக்ஸ்சேஞ்சுலேர்ந்து லைன டெஸ்ட் பண்ணா வீட்டு வரைக்கும் கம்பி இருக்கான்னு தெரியறதுக்காக வச்சதாம். பேச்சு சத்தத்துக்கு 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தான் வேணும், அதுக்கு இவனால தொந்தரவில்ல. ஏடிஎஸ்எல் 2 பிளஸ் போறது 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், அங்க இவன் குறுக்க நின்னு உறிஞ்சிடறான். கட்டிங் பிளேயரால டக்குனு வெட்டி என் கைல குடுத்தார்.

ரெண்டாவது வராங்க்ல, செவுத்தோட அடில. ஸ்க்ரூ சுத்தவே மாட்டேங்குது, துரு. எண்ணெய் விட்டு கழட்டி மூடிய தொறந்தா உள்ள பச்ச பச்சையா பூத்து கெடக்கு, செப்பு கம்பியா பாசியான்னு தெரியல, ஒரு எறும்பு கூட்டமே குடும்பம் நடத்துது. அவர் எட்டி பாத்துட்டு "லே பூரி"ன்னார். எனக்கு ஒரு நிமிஷம் பூரின்னு தான் காதுல விழுந்துச்சு, மணி வேற பன்னண்டு ஆகுது, பசில கேக்கறாரோன்னு வொய்ஃப கூப்பிட வாய தொறந்துட்டேன். கிரியோல்ல பூரின்னா அழுகி போச்சுன்னு அர்த்தமாம். அது புரிஞ்சு நாங்க சிரிக்க, எங்க பூரி எப்படி இருக்கும்னு சொன்ன உடனே அவர் சிரிக்க, ஒரு வழியா வேல தொடர அஞ்சு நிமிஷம் ஆச்சு. கராங்ஸ் புயல்ல வராங்க் தகடு ஒண்ணு தூக்கிட்டு போயிருந்துச்சு, அந்த வழியா எறங்கின தண்ணி இந்த செவுத்துல தான் எறங்கியிருக்கு, கடல் காத்து உப்பு வேற. மழைக்கு மழ கட் ஆனதுக்கு காரணம் இந்த சனியன் தான். புயல நான் திட்டினது தப்பில்ல, கம்பத்த திட்டினது தான் தப்பு.

மூணாவது பெட்ரூம்ல. பாக்க சுத்தமா இருந்துச்சு, நான் இது நல்லா இருக்குன்னே நெனச்சேன். அவர் டார்ச் அடிச்சு பாத்துட்டு என்ன கூப்பிட்டு காட்டினார். கேபிளுக்குள்ள ஒயருங்க ஜோடி ஜோடியா முறுக்கி இருக்கும், எங்க லைன் வரது சாம்பலும் வெள்ளையும் சேந்த ஜோடில. ஆனா இங்க யாரோ ஒரு புண்ணியவான் சாம்பல எடுத்துட்டு, வெள்ளைக்கு பதிலா பக்கத்து ஜோடிலேர்ந்து நீலத்த எடுத்து ரெண்டு பக்கமும் மாட்டி வச்சிருக்கார். டயல் டோன் வரும், பேசலாம், ரிங் அடிக்கும், எந்த தப்பும் தெரியாது. ஆனா முறுக்கோட வேலையே, வெளி இரைச்சல் ரெண்டு கம்பிலயும் சமமா விழுந்து ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கறது தான், ஜோடிய பிரிச்சா அந்த காவல் போச்சு, கம்பி ஆன்டெனா ஆயிடும். பொண்ணையும் மாப்பிள்ளையையும் மாத்தி கட்டி வச்ச மாதிரின்னு நான் சொன்னேன், அவருக்கு அத கிரியோல்ல விளக்க என்னால முடியல.

நாலாவது சாக்கெட்ல எதுவுமே மாட்டல, ஆனா அதுலேர்ந்து ஒரு கேபிள் பின் பக்கம் பழைய சமையல் கொட்டாய் வரைக்கும் ஓடி, அங்க சும்மா தொங்குது, ஒரு பன்னெண்டு மீட்டர் இருக்கும். சும்மா தொங்கறது என்ன பண்ணிடும்னு கேட்டேன். சிக்னல் அந்த முட்டு சந்துக்குள்ளயும் போய் முட்டி திரும்பி வந்து நல்ல சிக்னலோட கலக்குமாம். கோயில் பிரகாரத்துல ஸ்பீக்கர் வச்சா எதிரொலில அர்ச்சனைக்கு யார் பேர சொல்றாங்கன்னே புரியாதே, அந்த மாதிரி. வெட்டி எடுத்துட்டார்.

இதெல்லாம் முடிச்சிட்டு பைலேர்ந்து ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோ எடுத்தார். நான் பாட்டு கேக்க போறார்னு நெனச்சேன். ஏஎம்ல ஸ்டேஷன் இல்லாத எடத்துல வச்சு, லைன் ஓடற வழியெல்லாம் ரேடியோவ பிடிச்சிட்டே நடந்தார். சாமி அலமாரி கிட்ட வந்த உடனே ரேடியோ வண்டு மாதிரி ர்ர்ர்ருன்னு கத்துது. முருகர் படத்துக்கு சுத்தி போட்ட சீரியல் பல்பு, அதோட மட்டமான அடாப்டர். அத பிடுங்கின உடனே ரேடியோ அமைதி, பாக்ஸ்ல மார்ஜின் ஒன்றர டெசிபெல் ஏறுது. வொய்ஃப் முறைச்சா. இப்ப முருகருக்கு வேற அடாப்டர் வாங்கி மாட்டியாச்சு, ரெண்டு பேருக்கும் சமாதானம்.

அவர் கடைசியா போட்டு குடுத்த செட்டப் ரொம்ப எளிமை. டிடிஐ பக்கத்துலயே ஒரு மெயின் ஃபில்டர், லைன் அதுக்குள்ள போகும், வெளிய ரெண்டு வழி. ஒண்ணு டெலிபோனுக்கு, அது ஃபில்டர் ஆனது, பழைய சாக்கெட் எல்லாம் இனிமே இந்த பக்கம் தான், அதுங்க எவ்ளோ கெட்டிருந்தாலும் நெட்ட தொட முடியாது. இன்னொண்ணு முறுக்கு ஜோடி கேபிள்ல நேரா, நடுவுல ஒட்டு இல்லாம, ஹால்ல புதுசா போட்ட ஆர்ஜே 45 சாக்கெட்டுக்கு. பாக்ஸ் அதுல. ஒவ்வொரு டெலிபோன் கிட்டயும் தொங்கற குட்டி ஃபில்டர் இனிமே வேணாம். வராங்க்ல ஒரு எடத்துல டெலிபோன் கம்பிய ஒட்டு போட வேண்டியிருந்துச்சு, அதுக்கு ஜெல் அடச்ச குட்டி கனெக்டர், அழுத்தினா உள்ள இருக்கற பசை கம்பிய சுத்திக்கும், தண்ணி போகாது. முன்னாடி அங்க இருந்தது முறுக்கி விட்டு இன்சுலேஷன் டேப் சுத்தினது, டேப்பு அவிஞ்சு பிசுபிசுன்னு கையோட வந்துச்சு.

முடிவுல 14.2 மெகா, மார்ஜின் 8. டிடிஐல நேரா வந்த 14.6க்கு அர மெகா கூட கொறயல. அதே ராத்திரி அம்மாவுக்கு கால் போட்டேன், அம்மா கேட்ட மொத கேள்வி "என்னப்பா இவ்ளோ இளைச்சு போய்ட்ட". முன்னாடி மங்கலா தெரிஞ்சதுல தொந்தி தெரியல போல, இளச்சிருக்கேன்னு அவங்க எத வச்சு சொன்னாங்கன்னு இன்னும் புரியல.

காசு கணக்கு: அவருக்கு 75, ஃபில்டர், கேபிள், சாக்கெட், கனெக்டர் எல்லாம் சேத்து 38, மொத்தம் 113 யூரோ. உபயோகமில்லாத அந்த வைஃபை செட்ட விட கம்மி. இப்ப லைன் சரியானதுக்கு அப்புறம் அந்த செட்டு கூட உருப்படியா இருக்கு, அது வேற.

கொறைய சொல்லணும்னா, ரெண்டர மணி நேரம் தாமதம், சொன்னேன். சாக்கெட் மாத்தின எடத்துல செவுத்துல சுண்ணாம்பு பேந்து வந்தத அப்படியே விட்டுட்டு போய்ட்டார், நான் தான் பூசினேன். பில்லு அன்னைக்கு தரல, மூணு மெசேஜ் போட்டு பத்து நாள் கழிச்சு வந்துச்சு, ஓனர் கிட்ட பாதி காசு கேக்கறதுக்கு எனக்கு அது அவசரமா தேவப்பட்டுச்சு. (கேட்டேன். லிச்சி எப்படி காய்ச்சிருக்குன்னு பதில் வந்துச்சு.) இதுக்கெல்லாம் சேத்து தான் ஒரு மார்க்.

இத நாமளே பண்ணிக்க முடியாதான்னா, பாதி முடியும். டெலிபோன்ல இரைச்சல் கேக்கறது, பாக்ஸோட லைன் விவரம் பக்கத்துல இருக்கற நம்பர எழுதி வைக்கறது, பாக்ஸ டிடிஐக்கு தூக்கிட்டு போய் சொருகி நம்பர ஒப்பிட்டு பாக்கறது, இதுக்கெல்லாம் யாரும் வேணாம், இருபது நிமிஷம், ஒரு பைசா செலவில்ல. ரெண்டு எடத்துலயும் ஒரே நம்பர் வந்தா உங்க வயரிங் நல்லா இருக்கு, கோளாறு வெளிய, தைரியமா கம்பெனிய கூப்பிட்டு சண்ட போடலாம், "டிடிஐல நேரா மாட்டி பாத்துட்டேன்"னு சொன்னா அவங்க பேச்சே மாறும். டிடிஐல நல்லா வந்து சாக்கெட்ல கெட்டு வந்தா, எல்லா சாக்கெட்லேர்ந்தும் டெலிபோன், ஃபேக்ஸ், பழைய அலாரம் பெட்டி எல்லாத்தையும் கழட்டிட்டு மறுபடி பாருங்க, அதுலயே ஏறுச்சுன்னா ஏதோ ஒரு ஃபில்டர் போச்சு, புதுசு மாத்தினா முடிஞ்சுது. பழைய வீடா இருந்தா டிடிஐயே இல்லாம லைன் நேரா மொத சாக்கெட்டுக்கு வந்திருக்கும், அப்ப அந்த மொத சாக்கெட்ட கண்டுபிடிச்சு அதுல பாக்கணும். ஹால்லேர்ந்து ரூம் வரைக்கும் பத்து பதினஞ்சு மீட்டர் தட்டையான டெலிபோன் ஒயர கம்பளத்துக்கு அடில விட்டிருக்கறவங்க அத மொதல்ல தூக்கி போடுங்க, அதுக்குள்ள முறுக்கே கெடையாது.

சாக்கெட்ட தொறந்து ஒயர தொடறதுன்னா மட்டும் யோசிங்க. லைன்ல சும்மா இருக்கறப்போ 48 வோல்ட் கிட்ட தான், பெருசா ஒண்ணும் பண்ணாது, ஆனா அந்த நேரம் பாத்து யாராவது ஃபோன் போட்டா ரிங் வோல்டேஜ் 80 வரைக்கும் வரும், ஈர கையோட இருந்தா சுருக்குனு பிடிக்கும். இடி மின்னல் நேரத்துல கிட்டயே போகாதீங்க.

ஆரஞ்ச் இந்த செப்பு கம்பி நெட்வொர்க்க 2030க்குள்ள மூடிடறதா சொல்லியிருக்கு, அப்ப எதுக்கு இதுல காச போடணும்னு பக்கத்து வீட்டு தாத்தா கேட்டார். நியாயம் தான். உங்க வீட்டுக்கு ஃபைபர் வர வழி இருந்தா இந்த ரிவ்யூவ மூடிட்டு போய் அத எழுதி குடுங்க, யோசிக்கவே வேணாம். எங்க மாதிரி மரம், ஓனர், நசுங்கின குழாய்னு மாட்டிட்டு இருக்கறவங்களுக்கு தான் இது. எனக்கு 113 யூரோவுல ஒரு வருஷம் ஒழுங்கா ஓடினாலும் மாசத்துக்கு பத்து யூரோ கூட ஆகல, அதுல வேல நின்னு போன நாள கணக்கு போட்டா எப்பவோ வசூல் ஆயாச்சு.

அவர் வந்துட்டு போய் மூணு மாசம் ஆச்சு. நடுவுல ரெண்டு பெரிய மழ, அதுல ஒண்ணுல ரோடே ஆறா ஓடுச்சு. பாக்ஸ் ஒரு தரம் கூட செவப்பாகல. போன வாரம் பாத்தேன், 14.1.

கழட்டி போட்ட குட்டி ஃபில்டர் நாலு டிராயர்ல சும்மா கெடக்கு, செயின்ட் ஆந்த்ரே, பிரா பனோன் பக்கம் யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துக்கலாம். அதுல ஒண்ணு மக்கர் பண்ணும், எதுன்னு குறிச்சு வைக்கல.